வயிறு புரட்டும் நேரத்தில்

வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் கொடைக்கானல் வண்டி கிளம்புவதற்கு முன் இஞ்சிமுரப்பா விற்பவர் ஏறிவிடுவார். தோளில் பை, ஒரு கையில் பாக்கெட்டுகள், மறுகையில் மேல்கம்பி. பித்தம், வாயு, பசியின்மை, அஜீரணம், தலைசுற்றல், வாந்தி, மயக்கம் என்று அவர் சொல்லிக்கொண்டே போகும் வரிசை அந்தப் பாதையில் போய்வருகிறவர்களுக்கு மனப்பாடம். ஜன்னலோரம் இடம் கேட்டு வாங்கிக்கொண்ட அம்மாக்கள் பிள்ளைகளுக்காக ஒரு பாக்கெட் வாங்குவார்கள். காமக்காபட்டி தாண்டி, டம்டம் பாறையை நோக்கி வண்டி வளைந்து வளைந்து ஏறும்போதுதான் அது பிரிக்கப்படும். அதற்குள் யாராவது ஒருவர் முகம் வெளுத்து, வாயில் நீர் ஊறி, கண்ணை மூடிச் சாய்ந்திருப்பார்.

அந்தச் சாய்ந்த முகத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். இஞ்சியின் நன்மைகள் என்று சர்க்கரை, கொழுப்பு, ஞாபகசக்தி, எடை, மூட்டு, புற்றுநோய் வரை இன்று நீண்ட பட்டியல்கள் சுற்றுகின்றன. படிக்கப் படிக்க இஞ்சி கையை விட்டுப் போய்விடுகிறது. எனக்கு இஞ்சி என்றால் முதலில் குமட்டல். குமட்டுகிறவர்களுக்கு உலகம் ரொம்பக் காலம் கொடுக்காத கவனத்தை அது கொடுத்திருக்கிறது.

குமட்டலுக்குச் சாட்சி இல்லை. காய்ச்சலுக்கு வெப்பமானி இருக்கிறது. அடிபட்டால் இரத்தம் வருகிறது. வலி என்றால் ஆஸ்பத்திரியில் பத்துக்கு எத்தனை என்று கேட்கிறார்கள். அடிவயிற்றிலிருந்து எழும்பி, தொண்டைக்குழியில் நின்று, வெளியேயும் வராமல் உள்ளேயும் இறங்காமல் நாள் முழுக்க ஒருவரைப் பிடித்துவைக்கும் ஓக்காளத்தைப் பார்க்கிறவர்கள், வாந்தி எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். எடுத்தும் சரியாகாத குமட்டல் உண்டு. அதைப் பட்டவர்கள், வலியே தேவலை என்பார்கள்.

முரப்பாக்காரர் சொல்லும் வரிசையில் தலைசுற்றலையும் வாந்தியையும் முறையாகச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1982-இல் லான்செட் இதழில் டேனியல் மோவ்ரி, டென்னிஸ் கிளேசன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதிய சிறு கட்டுரை வந்தது. பயணத்தில் சுலபமாகக் குமட்டல் வரும் என்று தாங்களே சொன்ன 36 கல்லூரி மாணவர்களின் கண்ணைக் கட்டி, சாய்ந்து சுழலும் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சிலருக்கு 940 மில்லிகிராம் சுக்குத் தூள், சிலருக்குப் பயணக் குமட்டலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் டைமென்ஹைட்ரினேட், மற்றவர்களுக்கு மருந்துச்சத்து இல்லாத வெற்று மருந்து. ஆறு நிமிடம் தாக்குப்பிடித்தவர்கள் எல்லோரும் சுக்கு சாப்பிட்டவர்களே. அதிலும் பாதிப்பேர்தான். 1988-இல் டென்மார்க்கில் நாற்காலியை விட்டுக் கடலுக்கே போனார்கள். கொந்தளிக்கும் கடல் பழகாத 80 கடற்படைப் பயிற்சி மாணவர்களுக்கு ஒரு கிராம் சுக்கையோ வெற்று மருந்தையோ கொடுத்து, மணிக்கொரு முறை விசாரித்தார்கள். சுக்கு உண்டவர்களுக்கு வாந்தியும் குளிர்ந்த வியர்வையும் தெளிவாகக் குறைந்திருந்தன. குமட்டலும் தலைசுற்றலும் கொஞ்சம் குறைந்தன, ஆனால் அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. 1991-இல் அமெரிக்காவில் 28 பேரிடம் செய்த இன்னொரு சுழல்நாற்காலிச் சோதனையில் இஞ்சி ஒன்றுமே செய்யவில்லை.

இந்த முரண்பாட்டை மறைக்காமல் சொல்வது இஞ்சிக்கு நல்லது என்று நினைக்கிறேன். ஏனென்றால் அது இஞ்சி எங்கே வேலை செய்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. குமட்டல் மூளைக்குப் போக ஒரே வழி இல்லை. வண்டி வளையும்போது உள்காது அசைவைச் சொல்கிறது, கண்ணெதிரே இருக்கும் முன்சீட்டோ அசையாமல் நிற்கிறது. அந்தப் பிணக்கு நேராக மூளைக்குள் நடப்பது. அவோமின் போன்ற மாத்திரைகள் அங்கே போய்த் தணிக்கின்றன, கூடவே தூக்கத்தையும் கொண்டுவருகின்றன. இன்னொரு வழி வயிற்றிலிருந்து கிளம்புகிறது. குடற்சுவரில் உள்ள சில செல்கள் எரிச்சலூட்டப்பட்டால் செரட்டோனினை வெளியே விடும். அதை அருகிலிருக்கும் நரம்பு முனைகள் வாங்கி, வேகஸ் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்பும். கீமோதெரபி வார்டுகளில் ஏற்றப்படும் ஆன்டான்செட்ரான் அந்த நரம்பு முனைகளில் செரட்டோனின் வந்து உட்காரும் இடத்தை, அதாவது ஏற்பியை, அடைக்கிறது. இஞ்சியின் காரச்சத்துகளும் அதே ஏற்பியைத்தான் மட்டுப்படுத்துகின்றன, வேறொரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, பலம் குறைவாக. ஆக இஞ்சியின் இடம் வயிறு. காதில் கிளம்பும் தொல்லையில் அதன் கை முழுதாக எட்டாது. ஆனால் அந்தத் தொல்லை வயிற்றில் இறங்கிச் செய்யும் அட்டகாசத்தைக் கொஞ்சம் அடக்கும்.

வயிற்றை அது நகர்த்தவும் செய்கிறது. தைவானில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 24 பேருக்கு 1.2 கிராம் இஞ்சித் தூள் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துச் சூப் குடிக்கச் சொல்லி, ஸ்கேன் வைத்து இரைப்பை காலியாவதைப் பார்த்தார்கள். பாதி காலியாக வழக்கத்தில் ஏறக்குறைய 27 நிமிடம் பிடித்தது, இஞ்சிக்குப் பிறகு 13 நிமிடம். தின்னது அப்படியே நெஞ்சுக்குக் கீழே நிற்கிறது என்று நம் பெரியவர்கள் மார்பைத் தடவிக்கொண்டு சொல்வது வயிறு நகராமல் கிடக்கும் இந்த நிலையைத்தான். மந்தம் என்று அதற்குப் பெயர் வைத்து, இஞ்சிச்சாறு கொடுத்தார்கள். கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டில் கேட்காமலே வரும் அரை டம்ளர் சாற்றை இப்போது நினைத்தால், அதைக் கொடுத்தவர்கள் எதையும் மிகைப்படுத்திச் சொல்லவே இல்லை என்று தோன்றுகிறது. குடி, இறங்கிடும் என்பார்கள். அவ்வளவுதான் அவர்கள் சொன்ன வாக்கு.

கொடுத்த விதத்திலும் நிதானம் இருந்தது. தோலைச் சீவி, தட்டி, பிழிந்து, அந்தச் சாற்றை உடனே கொடுக்கமாட்டார்கள். கொஞ்ச நேரம் அசையாமல் வைத்திருந்தால் அடியில் வெள்ளையாக மாவு தங்கும். தெளிவை மட்டும் மேலாக இறுத்து, தேன் சேர்த்துக் கொடுப்பார்கள். இஞ்சிக்கு நஞ்சு வெளியே, கடுக்காய்க்கு நஞ்சு உள்ளே என்பது சித்த மருத்துவர் வீடுகளில் குழந்தைகளுக்கும் தெரிந்த விதி. கடுக்காயின் கொட்டையை எறிவது போல இஞ்சியின் தோலை நீக்க வேண்டும், சுக்கைச் சுண்ணாம்பில் சுத்தி செய்ய வேண்டும். நஞ்சு என்ற சொல்லைப் பற்றி வேதியியல் என்ன சொன்னாலும், மண்ணுக்குள் எட்டு மாதம் கிடந்த ஒரு பொருளைச் சுத்தம் செய்து, மாவை நீக்கி, அளந்து கொடுக்கும் பழக்கத்தை அந்த விதி காப்பாற்றியது. இஞ்சியைத் தோலோடு மிக்ஸியில் அடித்து வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் குடியுங்கள் என்று இன்று வரும் அறிவுரையில் இல்லாமல் போனது இந்தப் பக்குவம்தான். நெஞ்செரிச்சலோடு டாக்டரிடம் போய் நிற்கிறவர்களில் சிலர் அதைக் குடித்தவர்கள்.

இஞ்சியையும் சுக்கையும் நம் வீடுகள் எப்போதும் இரண்டு பொருளாகவே வைத்திருந்தன. ஒன்று காய்கறிக்கூடையில், மற்றது அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் தனி டப்பாவில். காலைக்கு இஞ்சி, நண்பகலுக்குச் சுக்கு, மாலைக்குக் கடுக்காய் என்று நேரமும் பிரித்தார்கள். பச்சை இஞ்சியின் காரம் பெரும்பாலும் ஜிஞ்சரால் என்ற பொருளால் வருவது. காயும்போது அதன் மூலக்கூறு நீரை இழந்து ஷோகால் ஆகிறது. ஷோகாலின் காரம் அதிகம், நாக்கில் நிற்கும் நேரமும் அதிகம். குழம்பில் வேகும்போது ஜிஞ்சராலின் ஒரு பகுதி உடைந்து ஜிஞ்சரோன் ஆகிறது, அதற்குக் காரம் குறைவு, இனிப்பு வாசனை உண்டு. ஆகவே துவையலும் குழம்பும் சுக்குக் காப்பியும் ஒரே கிழங்கிலிருந்து வந்தாலும் வயிற்றுக்குள் போய்ச் சேரும் சரக்கு வேறுவேறு. இதை அறியாமல் இஞ்சி நல்லது என்று பொதுவாகச் சொல்வது பாதிச் சொல். எது, எந்தப் பக்குவத்தில், எவ்வளவு என்று கேட்ட பிறகுதான் மீதி வரும்.

மலைபடுகடாத்தில் நன்னனின் மலைநாட்டு வளத்தைச் சொல்லும் இடத்தில், இஞ்சி நன்றாக முற்றிக் காரம் ஏறி நிற்பதும் ஒரு வளமாக எண்ணப்படுகிறது. திரண்ட கிழங்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். காரம் ஏறுவதைக் கவனித்தவர் அந்தக் கொல்லையில் குனிந்து கிள்ளிப் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். இன்றைக்கும் கறிக்கு வேண்டிய இஞ்சியை ஆறாவது மாதத்திலேயே நார் ஏறுவதற்குள் பிடுங்கிவிடுகிறார்கள். சுக்குக்கு எட்டு மாதம் பொறுக்கிறார்கள், இலை மஞ்சளாகிச் சாய்ந்த பிறகு தோண்டுகிறார்கள். கேரளத்தில் சுக்குக் காயவைக்கிறவர்கள் தோலை இரும்புக் கத்தியால் சீவமாட்டார்கள். மூங்கில் சில்லைக் கூராக்கி மெல்லச் சுரண்டுவார்கள். வாசனை எண்ணெய் உள்ள செல்கள் தோலுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கின்றன, ஆழச் சீவினால் மணம் தோலோடு போய்விடும். பிறகு ஒரு வாரம், பத்து நாள் வெயில். ஐந்து கிலோ பச்சைக்கு ஒரு கிலோ சுக்கு தேறினால் நல்ல விளைச்சல். இஞ்சி விதை வைப்பதில்லை, போன வருஷத்துக் கிழங்கின் துண்டுதான் இந்த வருஷத்து விதை. ஆகவே நோயும் கிழங்கோடு சேர்ந்து தலைமுறை தாண்டுகிறது. வயநாட்டிலிருந்து போய்க் கர்நாடகத்தில் நிலம் குத்தகைக்கு எடுத்து இஞ்சி போடுகிறவர்கள் அழுகல் நோய்க்குப் பயப்படுவது போல விலை வீழ்ச்சிக்குக்கூடப் பயப்படுவதில்லை.

குமட்டலுக்கு வருகிறேன். அதில் உலகம் அதிகம் அலட்சியம் செய்தது மசக்கையை. மசக்கைதானே, நாங்கல்லாம் பெறலியா என்ற ஒரு வாக்கியத்தோடு எத்தனை வீடுகளில் அந்தப் பேச்சு முடிந்திருக்கிறது. தாளிப்பு வாசனை பட்டால் ஓடுகிறவள், பல் தேய்க்க முடியாதவள், தண்ணீர் குடித்தாலும் நிற்காதவள் எல்லோரும் கொஞ்சம் நடிக்கிறார்கள் என்ற சந்தேகம் அந்த வாக்கியத்தின் அடியில் இருந்தது. மருத்துவமும் நெடுநாள் இது மனசு சம்பந்தப்பட்டது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. 2023 டிசம்பரில் நேச்சர் இதழில் மார்லீனா ஃபெஜ்ஸோவும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவு அதற்குப் பதில் சொல்லிவிட்டது. கருவும் நச்சுக்கொடியும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனைத் தாயின் இரத்தத்தில் விடுகின்றன. கர்ப்பத்துக்கு முன் அந்த ஹார்மோன் குறைவாக இருந்து பழகிய உடம்பு, திடீரென்று அது பெருகும்போது தாங்குவதில்லை. கடுமையான மசக்கைக்குக் காரணம் இரத்தத்தில் இருக்கிறது. ஃபெஜ்ஸோ தன் கர்ப்பத்தில் இந்த வாந்தியால் சாவுக்குப் பக்கத்தில் போய், கருவையும் இழந்தவர். தன்னை நம்பாதவர்களுக்கு அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துத் தேடிய பதில் இது.

மசக்கைக்கு மருந்து என்ற பேச்சின் மேல் ஒரு நிழலும் விழுந்திருந்தது. 1957-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடை, பாதுகாப்பானது என்ற விளம்பரத்தை நம்பிக் கர்ப்பிணிகள் குமட்டலுக்கு விழுங்கினார்கள். 1961-இல் அது திரும்பப் பெறப்படுவதற்குள் கைகால் வளராமல் பிறந்த குழந்தைகள் உலகெங்கும் பத்தாயிரம் பேர் அளவுக்கு இருந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதன் பிறகு, ஆபத்து இருப்பதாக நிரூபிக்கப்படாத பென்டெக்டின் என்ற மசக்கை மாத்திரையும் வழக்குகளின் நெருக்கடியில் 1983-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து போனது. கர்ப்பிணிக்குக் குமட்டல் என்றால் பொறுத்துக்கொள் என்று சொல்வதே டாக்டர்களுக்குப் பத்திரமான பதிலாகிவிட்டது.

அந்த வெற்றிடத்தில்தான் இஞ்சி மறுபடி கவனிக்கப்பட்டது. கோபன்ஹேகனில் கடும் வாந்தியால் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட 30 கர்ப்பிணிகளுக்கு நான்கு நாள் சுக்குத் தூள், இடையில் இரண்டு நாள் ஓய்வு, நான்கு நாள் வெற்று மருந்து என்று, எது எது என்று சொல்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். சிலருக்கு வரிசை தலைகீழ். சுக்கு 250 மில்லிகிராமாக ஒரு நாளைக்கு நான்கு வேளை. சோதனையை முடித்த 27 பேரில் 19 பேர், சுக்குக் கொடுக்கப்பட்ட நாட்களே நன்றாக இருந்தன என்றார்கள். 2001-இல் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் 70 கர்ப்பிணிகளிடம் அதே அளவில் சோதித்தார்கள். சுக்கு எடுத்த 32 பேரில் 28 பேருக்குக் குமட்டல் குறைந்தது, வெற்று மருந்து எடுத்த 35 பேரில் 10 பேருக்கு. இன்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டுதலிலேயே, மாத்திரை அல்லாத வழிகளில் ஒன்றாக இஞ்சி இருக்கிறது.

நம் பக்கத்தில் ஒரு தயக்கம் உண்டு: சுக்கு சூடு, கரு தங்காது என்பார்கள். நார்வேயில் 68,522 பெண்களின் கர்ப்பகால விவரங்களைத் திரட்டிப் பார்த்தபோது, அவர்களில் இஞ்சி எடுத்திருந்த 1,020 பேரிடம் குழந்தைக்குக் குறைபாடோ, இறந்து பிறத்தலோ, குறைப்பிரசவமோ கூடுதலாக இல்லை. ஆனாலும் பாட்டிமார்களின் தயக்கத்தை நான் முழுக்கத் தள்ளமாட்டேன். சோதனைகளில் கொடுத்தது நாளுக்கு ஒரு கிராம் சுக்குத் தூள், அதாவது அரை டீஸ்பூனைத் தாண்டாது, அதையும் பிரித்துப் பிரித்து. அவர்கள் பயந்தது கைநிறைய இடித்துப் போட்ட கஷாயத்தைப் பார்த்து. இரண்டுக்கும் நடுவில் தெளிவான இடம் இருக்கிறது. சிறுநீர் குறைந்து, எடை இறங்கி, தண்ணீரும் தங்காத நிலைக்குப் போய்விட்ட பெண்ணுக்கு இஞ்சி கொடுத்துக்கொண்டு வீட்டில் வைத்திருப்பது கொடுமை. அவளுக்கு வேண்டியது சலைன், அதுவும் அன்றைக்கே.

பிரசவத்துக்குப் பிறகு சுக்கின் ஆட்சி வெளிப்படையாகவே தொடங்கிவிடும். தமிழ்நாட்டில் லேகியம், யாழ்ப்பாணத்தில் சரக்கு அரைத்த கறி. சுக்கு, மிளகு, திப்பிலி என்ற மூன்றின் கூட்டை ஒரு நீதிநூலுக்கே பெயராக வைத்த மொழி இது. நல்லாதனாரின் திரிகடுகம் நூறு பாடல்களிலும் மும்மூன்று செய்திகளைச் சொல்வது அந்தக் கூட்டு மருந்தை மனதில் வைத்துத்தான். மாதவிடாய் வலியிலும் சுக்குக்கு ஆதாரம் இருக்கிறது. ஈரானில் 2009-இல் 150 மாணவிகளிடம் செய்த சோதனையில், முதல் மூன்று நாள் நான்கு வேளை 250 மில்லிகிராம் சுக்கு, மெஃபனமிக் அமிலத்துக்கும் ஐபுபுரூஃபனுக்கும் இணையாக வலியைக் குறைத்தது. மூட்டுத் தேய்மானத்தில் கிடைக்கும் நிவாரணம் சிறிது. கொழுப்பு, சர்க்கரை என்று போனால் பேச்சு இன்னும் மெலிகிறது, நான் அங்கே நிற்கப்போவதில்லை.

நிற்க வேண்டிய இடம் புற்றுநோய். இஞ்சி கீமோவை விடப் பத்தாயிரம் மடங்கு பலம் வாய்ந்தது என்ற செய்தி என் கைப்பேசிக்கே பல வடிவங்களில் வந்திருக்கிறது. ஆய்வகத் தட்டில் வளர்த்த மார்பகப் புற்றுசெல்களின் மேல் ஷோகாலைப் பிரித்தெடுத்து ஊற்றிப் பார்த்த ஆய்வொன்றிலிருந்து கிளம்பியது அது. தட்டில் செல்லைக் கொல்லும் பொருட்கள் ஏராளம். நாம் தின்னும் சுக்கிலிருந்து அந்த அளவு ஷோகால் கட்டியைப் போய்ச் சேர்வதில்லை, குடலும் ஈரலும் அதை வழியிலேயே மாற்றிவிடுகின்றன. அந்தச் செய்தியை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்களை நினைத்தால் கோபம் வருகிறது, அனுப்புகிறவர்கள் மேல். சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இஞ்சி மெய்யாகவே செய்யக்கூடிய உதவியை அந்தப் பத்தாயிரம் மடங்கு மறைத்துவிடுகிறது.

என் அத்தை மதுரையில் கீமோ எடுத்துக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். முடி போனதை அவர் பொருட்படுத்தவில்லை. அடுத்த ஊசிக்கு நாள் நெருங்கும்போதே, மருந்து உடம்பில் ஏறுவதற்கு முன்பாகவே, ஆஸ்பத்திரி வாசலில் டெட்டால் வாசனைக்கே ஓக்காளிக்கத் தொடங்குவார். எங்கே வலிக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"வலிக்கலப்பா. வலின்னா சொல்லிப்புடுவேன்ல. இத எப்பிடிச் சொல்ல? வாயில இரும்பப் போட்டு அடைச்ச மாதிரி இருக்கு. இதுக்கு நானு போய்ச் சேந்துரலாம்."

அன்றைக்கு அவருக்கு வாந்தி இல்லை. ஆகவே கேஸ் ஷீட்டில் ஒன்றும் ஏறவில்லை. ஆன்டான்செட்ரானும் அதன் வகை மருந்துகளும் வாந்தியை நன்றாக அடக்குகின்றன, அது மருத்துவத்தின் பெரிய சாதனை. குமட்டலை அவ்வளவு நன்றாக அடக்குவதில்லை. வாந்தியை எண்ணலாம், குமட்டலைக் கேட்டால்தான் தெரியும்.

கேட்டவர்கள் இருக்கிறார்கள் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலி ரயனும் அவர் குழுவும் 2012-இல் வெளியிட்ட சோதனை 576 நோயாளிகளிடம் நடந்தது, பெரும்பாலானவர்கள் மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்கள். எல்லோருக்கும் வழக்கமான வாந்தித் தடுப்பு மருந்து உண்டு. அதோடு கீமோவுக்கு மூன்று நாள் முன்பே தொடங்கி ஆறு நாளைக்கு இஞ்சிச் சாறு அடைத்த கேப்சூல், அரை கிராம், ஒரு கிராம், ஒன்றரை கிராம் என்று அளவு பிரித்து, ஒரு பகுதியினருக்கு வெற்றுக் கேப்சூல். கீமோ நாளின் குமட்டல் மூன்று அளவிலும் குறைந்தது. அதிகம் குறைந்தது அரை கிராமிலும் ஒரு கிராமிலும். ஒன்றரை கிராம் கூடுதலாக ஒன்றும் கொடுத்துவிடவில்லை. இஞ்சியைப் பற்றி வந்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. நம் வீட்டுப் பெண்கள் ஒரு சிட்டிகை என்று விரலால் அளந்ததற்குப் பக்கத்தில் இந்த எண் வந்து நிற்கிறது. டெல்லி எய்ம்ஸில் எலும்புப் புற்றுநோய்க்குக் கடுமையான கீமோ எடுத்த குழந்தைகளிடமும் இளைஞர்களிடமும் 60 கீமோ சுற்றுகளில் சுக்குத் தூளைச் சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள். அன்றைய குமட்டலும் அடுத்தடுத்த நாட்களின் குமட்டலும் தணிந்தன. பின்னால் வந்த சோதனைகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. இருந்தும் அரை கிராம் சுக்கு, வழக்கமான மருந்தோடு சேர்த்து, ஒருவருக்கு ஒரு வேளைச் சோற்றை மீட்டுக்கொடுக்கக்கூடும் என்றால் அதைக் கேட்டுப் பார்க்காமல் விடுவது தவறு.

கேட்டுப் பார்த்து என்பதை அழுத்திச் சொல்கிறேன். இஞ்சி இரத்தம் உறைவதைக் கொஞ்சம் தளர்த்தக்கூடியது. கீமோவில் பிளேட்லெட் இறங்கியிருக்கும் நாட்களிலும், வார்ஃபாரின் போன்ற மருந்து எடுக்கிறவர்களுக்கும், அறுவைசிகிச்சைக்கு நாள் குறித்தவர்களுக்கும் அது சிறு விஷயம் அல்ல. பித்தப்பைக் கல் இருந்தாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வீட்டில் சுக்கு இடிக்கிறவர்கள் அதை மருந்தாகக் கணக்கில் வைக்காததால் டாக்டரிடம் சொல்வதில்லை. டாக்டரும் மருந்தாகக் கணக்கில் வைக்காததால் கேட்பதில்லை. அத்தை விஷயத்தில் அவருடைய டாக்டரிடம் நான் கேட்டேன். இரத்தப் பரிசோதனையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கொடுங்க, ஆனா கால் டீஸ்பூனுக்கு மேல வேண்டாம்" என்றார். கருப்பட்டி போட்டுக் காய்ச்சிய சுக்குத் தண்ணீரை அத்தை வாய்க்குள் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினார். அந்தச் சுற்றில் இரண்டாம் நாளே மோர்சாதம் இறங்கியது. அதை இஞ்சிதான் செய்தது என்று ஒரே ஆளை வைத்துச் சாதிக்கமாட்டேன். அதற்குத்தான் 576 பேர் தேவைப்பட்டார்கள்.

எனக்கு இருக்கும் ஆதங்கம் வேறு. உலகத்திலேயே இஞ்சி அதிகம் விளைவது இந்தியாவில். ராசெஸ்டரில் சோதித்தது கேப்சூலை, சியாங் மாயில் சோதித்ததும் கேப்சூலைத்தான். நம் வார்டுகளில் நோயாளிகளின் தங்கைகளும் அம்மாக்களும் ஃபிளாஸ்கில் கொண்டுவருவது சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் சேர்த்துக் காய்ச்சிய கஷாயம். தமிழ்நாட்டின் அரசு ஆஸ்பத்திரிகளில் பல இடங்களில் சித்த மருத்துவப் பிரிவும் ஆங்கில மருத்துவப் பிரிவும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் பல ஆண்டுகளாக நோயாளிகளைப் பார்க்கிறது. சுக்கை எப்படிச் சுத்தி செய்வது என்று அறிந்தவர்களும், யாருக்கு என்ன மருந்து கொடுத்தோம் என்று எண்ணி எழுதத் தெரிந்தவர்களும் ஒருவரை ஒருவர் நடந்துபோய்ப் பார்க்கும் தூரத்தில் இருக்கிறார்கள். அந்த ஃபிளாஸ்கில் ஒரு டம்ளருக்கு எவ்வளவு ஷோகால் இருக்கிறது, எந்தப் பக்குவத்தில் காய்ச்சினால் மாறாமல் இருக்கும், கீமோவுக்கு எத்தனை நாள் முன்பு தொடங்க வேண்டும் என்று அவர்கள் சேர்ந்து சோதித்துச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: வலிக்குக் கேட்பது போல, குமட்டல் பத்துக்கு எத்தனை என்று தினமும் கேட்டு, கீமோ நோயாளியின் ஷீட்டிலும் மசக்கைக்கு வந்தவளின் சீட்டிலும் எழுதிவைக்கலாம்.